தலைக்கு ஊற்றும் கை

1

போன வாரம் என் மகள் நிலாவுக்குத் தலைக்கு ஊற்றினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது, இப்போது இறங்கிவிட்டது, வாசலில் செருகிய வேப்பிலையை எடுத்தாயிற்று, இனிமேல் நீங்கள் தாராளமாக உள்ளே வரலாம், வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவையும் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இங்கே கல்கத்தா சால்ட் லேக்கில், எங்கள் அரசாங்கக் குடியிருப்பின் மாடிப்படியில், எதிர்வீட்டுச் சிறுமி நிலாவைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் விளையாட விடாதவர்கள் இன்றைக்கு எப்படி விட்டார்கள் என்று விசாரித்தாள். நிலா வங்காளியில் சொன்னாள்: "மா சான் கரியே தியேசே."

அம்மா குளிப்பாட்டிவிட்டாள். அவ்வளவுதான் சேதி.

நான் கதவருகே நின்றிருந்தேன். "குளிப்பாட்டல நிலா, தலைக்கு ஊத்தினேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே, மா" என்றாள் அவள், என்மேல் இரக்கப்பட்டுத் தமிழில். பிறகு இருவரும் வங்காளியில் கத்திக்கொண்டே கீழே ஓடிவிட்டார்கள்.

ஒன்றல்ல. அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கும் காலம் வரலாம், வராமலும் போகலாம். உங்களுக்கு எழுதிவைக்கிறேன்.

2

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். அம்மாவும் அக்காமாரும் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கினார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை முதலில் மிதித்தவள் நான்தான். கல்லூரியில் தாவரவியலும் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

படித்ததில் வந்த பழக்கமோ என்னவோ, வெளியூரில் ஒரு தமிழ்ச்சொல் நினைவுக்கு வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். குளித்தல் என்றால் முதலில் மூழ்குதல்தான். எங்களுக்குப் பக்கத்துத் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்கப் போகிறவர்கள் சோப்பு எடுத்துக்கொண்டா போகிறார்கள்? குளிப்பது அவரவர் தானே செய்துகொள்கிற காரியம். தலைக்கு ஊற்றுவது அப்படியல்ல. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

யாருக்கெல்லாம் ஊற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு. வயதுக்கு வந்த பெண்ணுக்கு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு. அம்மை இறங்கியவர்களுக்கு. எல்லாருமே சில நாள் வீட்டின் ஓரத்தில் தனித் தட்டு, தனிப் பாய் என்று இருந்தவர்கள். தலைக்கு ஊற்றிய பிறகு நடுவீட்டுக்கு வரலாம். உடம்பு அழுக்கைப் போக்குவது அதில் சின்ன வேலை. "வா, உள்ளே வா" என்று கூப்பிடுவதுதான் பெரிய வேலை.

அம்மை வருவதைக்கூட நாம் "வார்த்திருக்கு" என்றுதானே சொல்கிறோம். அம்மன் முத்தை வார்க்கிறாள். நாம் தண்ணீரை வார்த்து அவளை வழியனுப்புகிறோம். இது அகராதியில் கண்டதல்ல, நானாக எண்ணிக்கொண்டது. தவறாக இருந்தால் தமிழாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் இதே சொல்லுக்குக் கொடிய பொருள் ஒன்றும் உண்டு. படுக்கையில் விழுந்துவிட்ட முதியவர்களின் கதையை முடிப்பதைத் தணிந்த குரலில் அப்படிச் சொல்வார்கள். அதை நான் விரிக்கப் போவதில்லை. ஊற்றுகிற கையைப் பொறுத்ததுதான் எல்லாம் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

3

எனக்கு அம்மை வார்த்தது கல்கத்தாவுக்கு வந்த முதல் வருஷம். கல்யாணம் ஆகாத பெண். டல்ஹௌசியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. வீட்டுக்காரரை எல்லாரையும் போல நானும் தாதா, அண்ணன் என்றே கூப்பிட்டேன். அவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாடியில் இருந்தார். கீழே என் அறைக்கு எதிரே, முற்றத்தின் மறுபக்கம், அவருடைய தங்கை பாருல் இருந்தார். தி என்றால் அக்கா. நான் அவரைப் பாருல்தி என்பேன். செல்வி என்ற என் பெயர் அவர் வாயில் ஷெல்பி ஆனது. திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

பாருல்திக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கரையில்லாத வெள்ளைச் சேலை. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். இங்கே விதவைகளுக்குச் சமையல் தனி: மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, அடுப்பே வேறு. முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் அடிக்கிற கேலியில் தெருவே சிரிக்கும்.

எனக்கு மார்பிலும் முதுகிலும் நீர்க் கொப்புளம் கண்ட அன்று, நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாடியில் கைக்குழந்தை இருக்கிறது. பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள் என்று பயம். பாருல்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜொல் பொசந்தோ" என்றார். ஜொல் என்றால் தண்ணீர், பொசந்தோ என்றால் வசந்தம். இந்த ஊரில் அம்மைக்கு வசந்தம் என்று பெயர்! அந்தக் காய்ச்சலிலும் அது எனக்குப் பிடித்துப்போனது.

"பாருல்தி, கிட்ட வராதீங்க. உங்களுக்கும் வந்திடும்."

"எனக்கா? அம்மன் என் மூஞ்சி முழுக்க ஆல்பனா போட்டு முடிச்சுட்டாளே. இனிமே போட எடம் எங்க இருக்கு?"

ஆல்பனா என்பது இங்கே தரையில் மாவால் போடுகிற கோலம். பெரியம்மையும் இதுவும் வேறு வேறு நோய், ஒன்று வந்தால் மற்றது வராது என்றில்லை என்று தெருமுனை டாக்டர் எடுத்துச் சொன்னார். "அவ உங்களைக் கேட்டுக்கிட்டா வர்றா, டாக்டர்பாபு?" என்று பாருல்தி அவரையும் அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. பாருல்தியின் தனி அடுப்பு எனக்கும் அடுப்பானது. வெங்காயம் இல்லாத, மசாலா இல்லாத அந்தச் சமையல்தான் அம்மை கண்டவருக்கு நம் ஊரிலும் கொடுப்பது. பார்லிக் கஞ்சியை வாயில் ஊட்டிவிடுவார். அரிப்பில் நான் நெளியும்போது வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே, தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரமெல்லாம் சொல்வார். எங்கள் தெருமுனையில் சீதளா தேவிக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. நம் மாரியம்மனைப் போல இங்கே அம்மைக்கு அவள்தான். கழுதைமேல் உட்கார்ந்து, ஒரு கையில் துடைப்பமும் ஒரு கையில் தண்ணீர்க் குடமும் வைத்திருப்பாள். துப்புரவுச் சாமான்களைத் தெய்வத்தின் கையில் கொடுத்து நிறுத்திய ஊர் என்று எனக்கு இந்த ஊர்மேல் பெரிய மரியாதை. பாருல்தியைப் பார்க்கும்போதெல்லாம் கழுதை மட்டும்தான் குறை என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். "கழுதைதான் கட்டில்ல படுத்திருக்கே" என்றார்.

இன்றைக்கும் நிலாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டு பஸ் மாறி, கண்டக்டரோடு சண்டையும் போட்டுவிட்டு, சால்ட் லேக் வந்துசேர்கிறார்.

4

கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்திலிருந்தும், அதே பக்கம் வேலைக்குப் போய்வந்த தாதா மூலம் செய்தி வந்தது: திங்கட்கிழமை துறைத் தேர்வு, வராவிட்டால் அடுத்த தேர்வு வரை என் வேலை நிரந்தரமாகாது.

ஆனால் எனக்கு இன்னும் தலைக்கு ஊற்றவில்லை. தாவரவியல் படித்தவள்தான். கிருமி எது, பொருக்கு எது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தலைக்கு ஊற்றாமல் அந்த அறையின் நிலைப்படியைத் தாண்ட என் கால் வரவில்லை. ஆகவே விடுப்பை நீட்டிக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நோய் இறங்கிவிட்டது, ஆனால் முதல் தண்ணீர் இன்னும் ஊற்றப்படவில்லை என்று அதில் ஒரு வரி. நான் பெருமையாக எழுதிய ஆங்கிலம்.

தலைமை எழுத்தரான படோபாபு அதை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "லேக் கார்டன்ஸில் கார்ப்பரேஷன் குழாய் நின்றுவிட்டதா? சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேனே" என்றாராம். தாதா மாடியிலிருந்தே இதைச் சொல்லிச் சிரித்தார். விடுப்பு நீட்டிக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது ஊற்ற வேண்டும். கல்கத்தாவில் எனக்கென்று இருந்த ஒரே தமிழ்ப் பெண்பிள்ளை சுப்பம்மா அக்கா. லேக் மார்க்கெட் பக்கம் அவரும் கணவரும் புளி, அப்பளம், காப்பிப்பொடி விற்கிற கடை வைத்திருந்தார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. இத்தனை வருஷம் இருந்தும் அவருக்குத் தெரிந்த வங்காளி கடைத் தராசைத் தாண்டாது; அதிலும் தாமிரபரணி ஓடும்.

செய்தி அனுப்பியதும், சனிக்கிழமையே மஞ்சள் கிழங்கோடு வந்துவிட்டார். வந்தவர் பாருல்தியின் அடுப்படியைப் பார்த்து அப்படியே நின்றார். பங்குனி வெயிலுக்கு இங்கே எல்லா வீட்டிலும் வேப்பந்தளிரைக் கத்தரிக்காயோடு பொரித்துத் தின்பார்கள். அம்மை அண்டாது என்று நம்பிக்கை.

"ஏ செல்வி! இந்த அநியாயத்தப் பாரேன். அம்மை கண்ட வீட்டுல தாளிக்கவே கூடாதும்போம். இவ அம்மனையே எண்ணெயில போட்டு வறுக்காளே!"

"என்ன சொல்றா உன் கடைக்காரி?" என்றார் பாருல்தி.

"நீங்க சாமியை வறுக்கிறீங்களாம்."

"சாமி கொஞ்சம் கசப்பா இருக்கா. கத்தரிக்காய் சேர்த்தா சரியாயிடுவா. அவளுக்கும் ஒரு தட்டு கொடு."

சுப்பம்மா அக்கா சாமியிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓர் இலையை எடுத்து மென்றார். "உப்பு பத்தாது" என்றார்.

5

அன்று சாயங்காலம் பாருல்தியிடம், தலைக்கு ஊற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த வங்காளியில் விளக்கினேன். நாமே குளித்துக்கொள்வது கணக்கில்லை, இன்னொருவர் ஊற்றினால்தான் உள்ளே வரலாம் என்றேன். எதற்கும் ஒரு கேலி தயாராக வைத்திருப்பவர், அன்று கேலி பண்ணவில்லை. வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே சொன்னார்.

"என் புருஷனுக்கும் எனக்கும் அம்மை ஒண்ணாத்தான் வந்துச்சு. அவர் போயிட்டார். நான் எந்திரிச்சேன். நான் எந்திரிச்சதைத்தான் மாமியார் வீட்டுல பொறுக்க முடியல. கொளத்துக்குப் போயி நானே முங்கினேன், ஷெல்பி. சுத்தமாத்தான் குளிச்சேன். ஈரச்சேலையோட திரும்பி வந்தா, கதவு சாத்தியிருந்துச்சு. அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் மாட்டுக் கொட்டில்தான்."

தெருவில் அவரைச் சுசிபாய் என்பார்கள். ஓயாமல் கழுவிக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருப்பவர்களுக்கு வங்காளியில் அந்தச் சொல்; சுத்தப் பைத்தியம் என்று நாம் சொல்வதுதான். பாருல்தி காலையில் குளிப்பார். சமைக்குமுன் குளிப்பார். வாசலில் எவராவது உரசிக்கொண்டு போனால் குளிப்பார். முற்றத்துத் தொட்டித் தண்ணீரைத் தீர்ப்பதே அவர்தான் என்று மாடியில் முணுமுணுப்பு உண்டு. நானும் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

என் தலைக்கு யார் ஊற்ற வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்பம்மா அக்கா கடையிலிருந்து பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து முற்றத்து வெயிலில் வைத்தார். வேப்பிலையும் அரைத்த மஞ்சளும் போட்ட தண்ணீர் மெல்லச் சூடேறியது. என்னை மணைப்பலகையில் உட்கார வைத்துவிட்டு, செம்பை எடுத்தார்.

"அக்கா, பாருல்தி ஊத்தட்டும்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "என்ன பிள்ள சொல்லுத?"

"கூடவே இருந்து பார்த்தது அவங்கதானே, அக்கா."

"பார்த்தா சரிதான், கோயில் கட்டிக் கும்பிடு. வேண்டாங்கல. அதுக்காவ, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆவ வேண்டிய பிள்ள. சுமங்கலி நான் கல்லு மாதிரி நிக்கேன், அவ கையால முதத் தண்ணி ஊத்திக்கிடுவியா? உங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எங்க அம்மாவுக்கு நான் சொல்லிக்கிடுதேன். எங்க வீட்டுல படிச்ச முதல் ஆளு நான். என் தலைக்கு யார் ஊத்தணும்னு நான் சொல்லக் கூடாதா?"

சுப்பம்மா அக்கா என்னை முறைத்தார். பிறகு செம்பைப் பலகையருகே வைத்துவிட்டு, முற்றத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் பாக்கல. பாக்காததுக்கு எங்கிட்ட எவளும் பதில் கேக்க முடியாது. ஊத்தச் சொல்லு."

இவரைத் தாண்டிவிட்டால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தாண்ட முடியாத ஆள் மறுபக்கம் நின்றார். பாருல்தி தன் அடுப்படி வாசலிலிருந்து நகரவேயில்லை. தமிழ் தெரியாவிட்டாலும் நடந்தது அவருக்குப் புரிந்திருந்தது. இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம், ஷெல்பி. அவளே ஊத்தட்டும். அவ சொல்றது சரி."

"நீங்க எப்போ மத்தவங்க சொல்றது சரின்னு சொல்லியிருக்கீங்க?"

"விளையாடாதே. என் கை நல்ல கை இல்ல. இதே கையாலதான் அவருக்கும் பார்லி ஊட்டினேன்."

"இதே கையாலதான் எனக்கும் ஊட்டினீங்க. நான் போயிடலியே. உக்காந்திருக்கேனே."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். நான் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஊற்றாமல் எழுந்திருப்பதில்லை என்றும், எழுந்திருக்காவிட்டால் நாளைக்குத் தேர்வு இல்லை என்றும், தேர்வு இல்லாவிட்டால் வேலை போய் வாடகை தராமல் இதே முற்றத்தில் இதே பலகையில் கிடப்பேன் என்றும் என் தப்புத் தப்பான வங்காளியில் கத்தினேன்.

மாடி வராந்தாவில் தாதா எட்டிப் பார்த்தார். தோளில் குழந்தை. கொஞ்ச நேரம் தங்கையையே பார்த்தார்.

"ஊத்து, பாருல்" என்றார். "இல்லேன்னா இந்த மதராஸிப் பொண்ணு இங்கேயே சத்தியாக்கிரகம் பண்ணிடும்."

பாருல்தி வந்தார். செம்பைக் குடத்தில் முக்கி எடுத்தார். பிறகு வெயிலின் சூடும் வேப்பிலைக் கசப்பும் மஞ்சள் வாசமும் கலந்த தண்ணீர் என் உச்சியில் விழுந்து, காதுக்குப் பின்னால் வழிந்து, முதுகில் இறங்கியது. ஒவ்வொரு செம்புக்கும் அவருடைய இடது கை என் தலையைத் தடவிக்கொடுத்தது. எத்தனை செம்பு என்று எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் நோயாளி இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

"முடிஞ்சுதா?" என்றார் சுவரைப் பார்த்தபடி சுப்பம்மா அக்கா.

"முடிஞ்சுது."

திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. காலிச் செம்போடு நின்ற பாருல்தியைத்தான் பார்த்தார். தழும்பு முகம், நனைந்த கை, வேறெங்கோ பார்க்கிற கண். சுப்பம்மா அக்காவின் முகத்தில் என்ன மாறியதென்று என்னால் சொல்ல முடியவில்லை. பேச்சு மட்டும் வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது.

"என்ன, மரம் மாதிரி நிக்கா? நோவுக்குப் பக்கத்துல கெடந்தவளுக்கு ஊத்தாம விடுவாங்களா? உக்காரச் சொல்லு."

நான் வங்காளியில் சொன்னேன்.

"எனக்கா?" என்று பின்வாங்கினார் பாருல்தி. "நான் காலையிலேயே குளிச்சாச்சு. ரெண்டு தடவை."

அதைத் தமிழில் சொன்னேன்.

"அது குளிச்சது. இது ஊத்துறது" என்றார் சுப்பம்மா அக்கா.

இதை மொழிபெயர்க்க என்னிடம் வங்காளி இல்லை. தேவையும் இருக்கவில்லை. சுப்பம்மா அக்கா அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து அழுத்திப் பலகையில் உட்கார வைத்துவிட்டார். முதல் செம்பு விழுந்ததும் பாருல்தி "ஓ மா கோ!" என்று அலறினார். வெள்ளைச் சேலையில் மஞ்சள் பரவியது. மார்பிலும் மடியிலும் பரவிய அந்த நிறத்தை அவர் விரித்துப் பார்த்தார். இந்த ஊரில் கல்யாணப் பெண்ணின்மேல் பூசுகிற மஞ்சள். வெள்ளைச் சேலைக்காரிகளுக்கு ஆகாத நிறம். தாதாவின் மனைவியும் வராந்தாவுக்கு வந்துவிட்டிருந்தார். எல்லாரும் பாருல்தி கோபப்படுவார் என்று காத்திருந்தோம்.

"சோடா போட்டா போயிரும்னு சொல்லு" என்றார் சுப்பம்மா அக்கா, கொஞ்சம் கலங்கிப்போய்.

பாருல்தி அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுப்பம்மா அக்கா பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.

"ஆர் ஏக்டு" என்றார்.

இன்னும் கொஞ்சம். கடையில் பருப்பு வாங்க வருகிற ஒவ்வொருவரும் தராசைப் பார்த்துக் கேட்கிற வார்த்தை. கேட்டதும் சுப்பம்மா அக்காவைச் சண்டைக்கு இழுக்கிற வார்த்தை. அர்த்தம் கேட்க என் பக்கம் திரும்பாமலே செம்பைக் கீழே போட்டார். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் தங்கிய வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்து விழ, முழுவதையும் பாருல்தியின் தலையில் கவிழ்த்தார்.